மஸ்டாங்கின் பெருமை மெர்லின் என்ஜினுக்கு மட்டும்தானா?

"பி-51 மஸ்டாங் அமெரிக்கப் போர் விமானம்தானே, பிறகு ஏன் அதை வெற்றிபெறச் செய்தது பிரிட்டிஷ் என்ஜின் என்கிறார்கள்?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கூற்று பாதி உண்மை என்பதே என் கருத்து.

1940-இல், கர்டிஸ் நிறுவனத்தின் பி-40 விமானங்களைத் தயாரித்துத் தர முடியுமா என்று பிரிட்டன் நார்த் அமெரிக்கன் நிறுவனத்தைக் கேட்டபோது, அதைவிடச் சிறந்த ஒன்றைத் தாங்களே உருவாக்கித் தருவதாக அந்நிறுவனம் பதிலளித்தது. எட்கர் ஷ்மூட் தலைமையில் உருவான முதல் மாதிரி அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று பறந்தது. அதிலிருந்த அலிசன் என்ஜினின் சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) ஒரே கட்டத்தில் காற்றை அழுத்துவது என்பதால், காற்று மெலிந்துபோகும் உயரங்களில், அதாவது சுமார் 15,000 அடிக்கு மேல், விமானம் திணறியது.

1942 ஏப்ரலில் அதை ஓட்டிப் பார்த்த ரோல்ஸ்-ராய்ஸ் விமானி ரோனி ஹார்க்கர், இரண்டு கட்டங்களில் காற்றை அழுத்தும் தங்கள் பிரிட்டிஷ் நிறுவனத்தின் மெர்லின் 61 என்ஜினைப் பொருத்தலாம் என்று பரிந்துரைத்தார். அக்டோபரிலேயே அவ்வாறு மாற்றப்பட்ட விமானம் பறந்தது. உயரக் குறை தீர்ந்தது.

ஆனால் இதே வகை என்ஜின்தான் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்திலும் இருந்தது. அது ஏன் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பெர்லின் வரை செல்லவில்லை? விடை எரிபொருளில் இருக்கிறது. 1943 அக்டோபர் 14 அன்று, நெடுந்தூரக் காவலின்றி ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரைத் தாக்கச் சென்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் 60 வீழ்ந்தன. மஸ்டாங்கின் இறக்கைத் தொட்டிகள் ஏற்கெனவே பெரியவை, உடற்பகுதியின் காற்றுத்தடையும் குறைவு. அத்துடன் விமானி இருக்கைக்குப் பின்னால் 85 கேலன் தொட்டி ஒன்றையும் சேர்த்தார்கள். அது நிரம்பியிருக்கும்போது எடை பின்பக்கம் சாய்ந்து, கூர்மையாகத் திரும்பினால் விமானம் கட்டுப்பாட்டை இழக்கக்கூடும். ஆகவே, இறக்கைக்கு அடியில் மாட்டி, காலியானதும் கழற்றிவிடும் கூடுதல் தொட்டிகளுக்கு மாறுவதற்கு முன்பே பின்தொட்டியின் பெரும்பகுதியை விமானிகள் எரித்துத் தீர்த்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், என்ஜினுக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு இந்தத் தொல்லை பிடித்த தொட்டிக்கும் சேர வேண்டும். 1944 மார்ச்சில் பெர்லினைத் தாக்கிய குண்டுவீச்சு விமானங்களுடன் மஸ்டாங்குகள் அந்த நகரம் வரையிலும் சென்று திரும்பின.