25 வயதில் போதும் என்றவர்

நண்பர்களே, வணக்கம். இன்றைக்கு மக்தலேனா நாய்னர் பற்றிப் பேசப்போகிறேன். ஜெர்மனிக்காரர், பயத்லான் வீராங்கனை. உலக சாம்பியன்ஷிப்பில் மட்டும் 12 தங்கம், ஒலிம்பிக்கில் 2 தங்கம், சீசன் முழுக்க நடக்கும் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டம் மூன்று முறை, இவ்வளவையும் முடித்துவிட்டு 25 வயதில் வீட்டுக்குப் போய்விட்டார். ஏன் போனார் என்று ஜெர்மனியில் ரொம்ப நாள் புலம்பினார்கள், அந்தப் புலம்பல் சரியா என்பதுதான் என் பேச்சு.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். முதுகில் குறைந்தது மூன்றரைக் கிலோ ரைபிளைக் கட்டிக்கொண்டு பனிச்சறுக்குக் கட்டைகளில் மேடும் பள்ளமுமாக ஓட வேண்டும். ஓடி மூச்சு வாங்க வாங்கச் சுடும் இடத்துக்கு வந்து, 50 மீட்டர் தள்ளி இருக்கும் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். ஒருமுறை படுத்துக்கொண்டு, ஒருமுறை நின்றுகொண்டு, சில பந்தயங்களில் இரண்டிரண்டு முறை. படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் நாலரை சென்டிமீட்டர், நின்று சுடும்போது பதினொன்றரை. பெரிதாகத்தானே இருக்கிறது என்று நினைப்பீர்கள், ஆனால் இதயம் தாறுமாறாக அடிக்கும்போது கால் நடுங்கும், துப்பாக்கி முனை ஆடும், பக்கத்தில் எதிராளி டப் டப்பென்று ஐந்தையும் விழுத்திவிட்டுக் கிளம்பும் சத்தம் காதில் விழும். ஒன்று தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று, அதாவது இருபது வினாடிக்கு மேல் போச்சு.

நாய்னருக்கு வினை அந்த நின்று சுடுவதில்தான். ஓட்டத்தில் அவரைப் பிடிக்க அந்தக் காலத்தில் ஆளே கிடையாது, ஆனால் நின்று சுட வந்தால் பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். தண்டனைச் சுற்றைச் சுற்றிவிட்டு வந்து, முன்னால் போனவர்களைத் துரத்திப் பிடித்து ஜெயிப்பார். என்னைக் கேட்டால் அவர் மேல் மக்கள் அவ்வளவு பைத்தியமாக இருந்ததற்கு இந்தக் குறைதான் பாதிக் காரணம். ஐந்துக்கு ஐந்து சுடுகிற ஆளை மதிப்பார்கள், மூன்று சுட்டுவிட்டு ஜெயிக்கிற ஆளுக்காகத்தான் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காருவார்கள்.

பிறந்தது 1987 பிப்ரவரி 9, வளர்ந்தது பவேரிய ஆல்ப்ஸில் வால்காவ் என்கிற சின்ன ஊரில். வேலை, சுங்கத்துறை. ஆமாம், கஸ்டம்ஸ்தான். நம்மூர் ரயில்வே விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுப்பது போல அங்கே சுங்கத்துறை, ராணுவம், போலீஸ் எல்லாம் குளிர்கால விளையாட்டு வீரர்களை வைத்துக்கொள்கின்றன. 2007-ல் இத்தாலியின் ஆன்தோல்ஸில் முதல் உலக சாம்பியன்ஷிப். 19 வயதில் இரண்டு தங்கம், நடுவில் பிறந்தநாள், 20 வயதில் மூன்றாவது தங்கம்! 2026 ஒலிம்பிக்கில் பயத்லான் நடத்தத் தேர்ந்தெடுத்ததும் அதே ஆன்தோல்ஸ்தான்.

அப்புறம் 2010 வான்கூவர். குறுந்தூரப் பந்தயமான ஸ்பிரிண்ட்டில் ஒன்றரை வினாடியில் ஸ்லோவாக்கியாவின் அனஸ்தாசியா குஸ்மினாவிடம் தங்கத்தை விட்டார். ஒரே ஒரு குண்டு பிசகியிருந்தது. மூன்று நாள் கழித்துத் துரத்தல் பந்தயத்தில் அதே குஸ்மினாவைத் தாண்டித் தங்கம், பிறகு எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் மாஸ் ஸ்டார்ட்டில் இன்னொரு தங்கம். தொடர் ஓட்டம் வந்தபோது, நான் மூன்று பதக்கம் வாங்கிவிட்டேன், என் இடத்தில் வேறொருவர் ஓடட்டும் என்று ஒதுங்கினார். மார்ட்டினா பெக் ஓடினார், ஜெர்மனிக்கு வெண்கலம். நாய்னர் ஓடியிருந்தால் தங்கமே வந்திருக்கும் என்று அன்றைக்கே சிலர் முணுமுணுத்தார்கள். இவர் எங்கே நிறுத்துவது என்று தானே முடிவு செய்கிற ஆள் என்பது அப்போதே தெரிந்துபோனது, யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

2011 டிசம்பரில் அறிவித்தார், இந்த சீசனோடு சரி என்று. அடைய நினைத்ததை அடைந்துவிட்டேன், இனி சாதாரண வாழ்க்கை வேண்டும், இதுதான் சாரம். அறிவித்துவிட்டுச் சும்மா ஓடவில்லை. சொந்த நாட்டில் ரூபோல்டிங் உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம், அந்த சீசனின் ஒட்டுமொத்தக் கோப்பையும் அவருக்கே. ரூபோல்டிங்கிலும் நின்று சுடுவது சில பந்தயங்களில் காலை வாரியது, அதையும் சொல்ல வேண்டும். மார்ச் 2012-ல் சைபீரியாவின் காந்தி-மான்சிஸ்க்கில் கடைசி உலகக் கோப்பைப் பந்தயம். டிசம்பரில் கெல்சன்கிர்ஹன் கால்பந்து மைதானத்துக்குள் பனியைக் கொட்டி நடத்துகிற போட்டியில் ரசிகர்கள் வழியனுப்பினார்கள். பிறகு திருமணம், குழந்தைகள், பின்னல் வேலை. பின்னல் அவருக்கு ஆடும் காலத்திலிருந்தே பிடித்தம்.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஜெர்மன் பெண்கள் பயத்லானில் ஒரு பதக்கமும் வாங்கவில்லை. உடனே ஆரம்பித்துவிட்டார்கள், மக்தலேனா இருந்திருந்தால் என்று. இருந்திருந்தால் வாங்கியிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பதக்கம் யாருக்கு வேண்டியிருந்தது? அவருக்கு வேண்டாம். சோபாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேண்டியிருந்தது. அதற்காக ஒரு பெண் இன்னும் இரண்டு வருஷம் தினமும் ரைபிளைச் சுமந்துகொண்டு ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொருவரையும் சொல்லாமல் விடக்கூடாது. லாரா டால்மயர், பக்கத்து ஊர் கார்மிஷ்-பார்டன்கிர்ஹன், அவரும் சுங்கத்துறை, அவருக்கும் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம். 2017-ல் ஆஸ்திரியாவின் ஹோக்ஃபில்சனில் ஒரே உலக சாம்பியன்ஷிப்பில் ஐந்து தங்கம் வாங்கினார். 2019-ல், அதே 25 வயதில், அவரும் நிறுத்திவிட்டு மலையேற்ற வழிகாட்டி ஆனார். 2025 ஜூலையில் பாகிஸ்தானின் காரகோரம் மலையில் லைலா சிகரத்தில் பாறைகள் உருண்டு விழுந்து இறந்துபோனார், வயது 31. தன் உடலை மீட்க யாரும் உயிரைப் பணயம் வைக்கக்கூடாது என்பது அவர் முன்பே சொல்லி வைத்திருந்தது. பேசாமல் பனிச்சறுக்கிலேயே இருந்திருக்கலாமே என்று அப்போதும் எழுதினார்கள். டால்மயர் பந்தயம் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே மலை ஏறியவர், குடும்பமே மலைக் குடும்பம். ஓய்வு பெற்றதால்தான் மலைக்குப் போனார் என்பது அவரைத் தெரியாதவர்கள் சொல்வது.

சரி, நேரமாகிவிட்டது. பார்த்ததில்லை என்பவர்கள் வான்கூவர் 2010 மாஸ் ஸ்டார்ட்டின் வீடியோவைத் தேடிப் பாருங்கள். கடைசி முறை நின்று சுட வரும் இடத்தில் மட்டும் வேறு வேலை எதுவும் செய்யாதீர்கள்.