ஆட்டோமேட்டிக்ல சுட்டா குண்டு ஏன் மேல ஏறுது? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு ரெண்டு கேள்வி எடுத்திருக்கேன். முதல் கேள்வி கடலூர் தேவனாம்பட்டினத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டது. காலேஜ் என்.சி.சி.யில கேடட். "ஐயா, .22 ரைஃபிள்ல படுத்து சுட்டா அஞ்சு ரவுண்டும் நல்லா குரூப் ஆகுது, அதாவது பக்கத்துப் பக்கத்துல விழுது. ஆனா ஆட்டோமேட்டிக்ல வெச்சா முதல் குண்டு மட்டும்தான் டார்கெட்ல படும், மத்ததெல்லாம் வானத்துக்குப் போயிடும்னு சீனியர் ஒருத்தர் சொன்னாரு. உண்மையா? கையில பலம் இருந்தா அடக்கிடலாமா? சினிமாவுல ஒத்தக் கையால சுடுறாங்களே?"

சீனியர் சொன்னது உண்மை. ஆனா காரணம் கை பலத்துல இல்ல தம்பி. டிரிகர் அழுத்தறதுக்கு முன்னாடி உங்க உடம்பு எப்படி நிக்குதுங்கிறதுல இருக்கு. சுட ஆரம்பிச்ச பிறகு அடக்கலாம்னு நினைச்சா முடியாது. ஏன்னு கணக்கு போட்டே பாப்போம்.

பத்தாவதுல படிச்ச உந்தம் ஞாபகம் இருக்கும். நிறை பெருக்கல் வேகம். ஏகே-47 தோட்டா, அதாவது ரவுண்டு, 7.62 × 39 வகை. குண்டு 7.9 கிராம், வேகம் விநாடிக்கு 715 மீட்டர். கிராமை கிலோவா மாத்திப் பெருக்கினா சுமார் 5.6. அதோட மருந்து எரிஞ்ச புகையும் பேரல் வழியாத்தான் வெளிய போகுது. சுமார் 1.6 கிராம்தான், ஆனா குண்டை விட வேகமா போகும். அதையும் சேர்த்தா மொத்தம் ஏழரை பக்கம் வரும். துப்பாக்கி மேகஸினோட, அதாவது தோட்டா வைக்கிற பெட்டியோட, 4 கிலோன்னு வைங்க. தாங்க ஆள் இல்லன்னா அது விநாடிக்கு 2 மீட்டர் வேகத்துல பின்னாடி வரும். உங்க .22 குண்டு 2.6 கிராம், வேகம் 330 மீட்டர் பக்கம். உந்தம் 0.9 கிட்ட, அதாவது ஏகேல எட்டுல ஒரு பங்கு. அதனாலதான் .22ல உடம்பு கொஞ்சம் கோணலா இருந்தாலும் குரூப் வந்துடுது. தப்பு இருக்கும், வெளிய தெரியாது.

ஏகே நிமிஷத்துக்கு 600 ரவுண்டு வேகத்துல ஓடும், விநாடிக்கு 10. ஏழரையை பத்தால பெருக்குங்க, 75 நியூட்டன். சுமாரா ஏழரைக் கிலோ எடை உங்க தோள்ல விடாம தள்ளிக்கிட்டே இருக்கிற மாதிரி. ஒரு ரவுண்டுல அது அடி. தொடர்ந்து சுட்டா அது தள்ளு. தீயணைப்பு வண்டி குழாயைப் பிடிக்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். தண்ணி திறந்த உடனே குழாய் ஆளைப் பின்னாடி தள்ளும், அவங்க காலை ஊனி முன்னாடி சாஞ்சுதான் நிப்பாங்க.

ஏழரைக் கிலோ பெரிய எடை இல்லையேன்னு தோணும். எங்க தள்ளுதுங்கிறதுதான் பிரச்சினை. தோள் உயரத்துல தள்ளுது, நீங்க நிக்கிறது கால்ல. நடுவுல இடுப்பு ஒரு கீல் மாதிரி மடங்கும். தோள்ல இன்னொரு கீல். பேரல் இருக்கிற கோடு மேல, ஸ்டாக்கோட (தோள்ல சாய்க்கிற கட்டை) பின்பக்கம், அதாவது பட், தோள்ல படுற இடம் அதுக்குக் கொஞ்சம் கீழ. அந்த இடைவெளிதான் நெம்புகோல் மாதிரி வேலை செஞ்சு துப்பாக்கி வாயை, அதாவது பேரல் நுனியை, மேல தூக்குது. பழைய மரக் கட்டை துப்பாக்கிகள்ல ஸ்டாக் நல்லா கீழ இறங்கியிருக்கும், அதுல தூக்கல் அதிகம். எம்16 வகையில ஸ்டாக்கை பேரல் கோட்டுலயே நேரா வெச்சு, குறி பாக்குற சைட்டை மேல உயர்த்திட்டாங்க. காரணம் இதுதான்.

இப்ப முதல் குண்டு மட்டும் ஏன் சரியா போகுது? குண்டு பேரலை விட்டு வெளிய போக ஆயிரத்துல ஒரு விநாடி பக்கம்தான் ஆகும். அதுக்குள்ள துப்பாக்கி ஒரு மில்லிமீட்டர் கூடப் பின்னாடி நகர்ந்திருக்காது. அந்தச் சின்ன அசைவும் ஜீரோ பண்ணும்போதே, அதாவது சுட்டுப் பாத்து சைட்டைச் சரி பண்ணும்போதே, கணக்குல வந்துடும். ஆக முதல் குண்டு நீங்க குறி வெச்ச இடத்துக்குப் போகும். ரெண்டாவது குண்டு பத்துல ஒரு விநாடி கழிச்சு கிளம்புது. அதுக்குள்ள வாய் ஏறியாச்சு. ஒரே ஒரு டிகிரி ஏறினாலும் 25 மீட்டர்ல 44 சென்டிமீட்டர், 50 மீட்டர்ல 87 சென்டிமீட்டர், 100 மீட்டர்ல ஒண்ணே முக்கால் மீட்டர் மேல போகும். அதாவது 100 மீட்டர்ல ஒரு ஆள் உயரம் தாண்டியாச்சு.

"ஏறினா கீழ இழுத்துக்கலாமே"ன்னு கேப்பீங்க. கண்ணு பாத்து, மூளை சொல்லி, கை அசைய சுமார் 0.2 விநாடி ஆகும். அந்த நேரத்துல இன்னும் ரெண்டு குண்டு போயிடும். நீங்க இழுக்க ஆரம்பிக்கும்போது மூணு ரவுண்டு பர்ஸ்ட் (ஒரே அழுத்தலில் தொடர்ந்து போற குண்டுகள்) முடிஞ்சிருக்கும். அதனால பர்ஸ்ட்ல திருத்தம்னு ஒண்ணு கிடையாது. டிரிகருக்கு முன்னாடி செஞ்சு வெச்சதுதான் கணக்கு.

சரி, என்ன செஞ்சு வைக்கணும்? நின்னு சுடுறதைச் சொல்றேன், வலது கை பழக்கம் உள்ளவங்களுக்கு. கால் தோள் அகலம், இடது கால் அரை அடி முன்னாடி, முழங்கால் லேசா மடங்கணும். எடை முன்காலுக்குப் போகணும். மூக்கு கால் கட்டைவிரலுக்கு மேல வர்ற அளவு சாய்வு. புதுசா வர்றவங்க எல்லாரும் இங்கதான் தப்பு பண்றாங்க. 4 கிலோ முன்னாடி தொங்குறதால, அதைச் சமாளிக்கத் தன்னையறியாம முதுகைப் பின்னாடி வளைச்சு நிப்பாங்க. ஒரு ரவுண்டுக்கு அது போதும், பர்ஸ்ட் விட்டா ஆள் குதிகாலுக்குப் போயிடுவாரு. நம்ம கடற்கரையில கரைவலை இழுக்கிறவங்களைப் பாருங்க. கை நீட்டிதான் இருக்கும், வலையை இழுக்கிறது சாஞ்ச உடம்போட எடை. இங்க சாய்வு எதிர்ப்பக்கம், தத்துவம் ஒண்ணுதான்.

பட் எங்க வைக்கணும்? காறை எலும்புக்கும் தோள் மூட்டுக்கும் நடுவுல ஒரு குழி இருக்கு. அதுல, முடிஞ்ச வரை மேல. கையோட மேல்சதையில வெச்சா வழுக்கும், நீலம் பாரிச்சிடும். பட்டுக்கும் தோளுக்கும் நடுவுல இடைவெளியே இருக்கக் கூடாது. இடைவெளி இருந்தா துப்பாக்கி வேகம் பிடிச்சு வந்து அடிக்கும், ஒட்டியிருந்தா தள்ள மட்டும்தான் செய்யும். வலது கை பின்னாடி இழுத்துப் பிடிக்கணும். இடது கை ஹேண்ட்கார்டுல (பேரலைச் சுத்தி இருக்கிற கைப்பிடி உறை) எவ்வளவு முன்னாடி போகுதோ அவ்வளவு நல்லது, நெம்புகோலோட நீளம் கூடும். முழங்கை ரெண்டும் கீழ. கன்னம் ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல. பல்லைக் கடிச்சு நெரிச்சுப் பிடிக்க வேண்டாம். நெரிச்சா கை நடுங்கும், அந்த நடுக்கம் சைட்டுல தெரியும்.

டிரிகர்ல, ஆட்டோவுல வெச்சு ரெண்டு மூணு ரவுண்டுல விடுறதுக்குப் பழக்கம் வேணும். மொத்தம் 0.2, 0.3 விநாடி சமாச்சாரம். அழுத்து, விடு, அவ்வளவுதான். நம்ம இன்சாஸ் ரைஃபிள்ல இந்த வேலையை இயந்திரமே செய்யுது. ஒரு அழுத்தலுக்கு மூணு ரவுண்டு, அதோட நிக்கும். முழு ஆட்டோ அதுல வைக்கல. குறி வைக்கும்போது டார்கெட்டோட நடுவுல வைக்காம கீழ்ப்பாதியில வைங்க, ஏறுற குண்டும் உள்ளேயே விழும். பர்ஸ்ட் முடிஞ்ச உடனே அடுத்ததை விடக் கூடாது. சைட் தானா பழைய இடத்துக்கு வருதான்னு பாருங்க. வந்தா நிலை சரி. வேற எங்கயோ போய் நின்னா கால்ல தப்பு. கையைத் திருத்தாதீங்க, காலை மாத்தி வைங்க.

இன்னொரு தப்பு, உதை வரப் போகுதுன்னு எதிர்பார்த்து முன்னாடியே வாயைக் கீழ அமுக்கிடறது. முதல் குண்டே டார்கெட்டுக்குக் கீழ மண்ணுல விழும். இதைக் கண்டுபிடிக்க பயிற்சியாளர் மேகஸின்ல நடுவுல ஒரு டிரில் ரவுண்டு, அதாவது வெடிக்காத பயிற்சித் தோட்டா, போட்டுக் கொடுப்பாரு, எங்க இருக்குன்னு சுடுறவருக்குத் தெரியாது. டிரில் ரவுண்டு வரும்போது வெடிக்காது, ஆனா வாய் கீழ இறங்கும். பொய் சொல்ல முடியாத சோதனை.

சினிமா பத்தி ஒரு வார்த்தை. அங்க சுடுறது குண்டு இல்லாத பிளாங்க். குண்டே இல்லன்னா உந்தத்துல பெரும்பகுதி இல்ல. ஒத்தக் கையால பிடிக்க முடியுறது அதனாலதான்.

பலம் வேலைக்கு ஆகாதுங்கிறதுக்குப் பெரிய சாட்சி அமெரிக்காவோட எம்14. 1957ல ஏத்துக்கிட்டாங்க. அதுல 7.62 × 51 ரவுண்டு. 9.5 கிராம் குண்டு, 840 மீட்டர் வேகம், புகையோட சேர்த்து உந்தம் 12 பக்கம். அதே மாதிரி விநாடிக்கு 10 ரவுண்டுன்னு கணக்கு போட்டாக்கூட 12 கிலோ தள்ளு. நல்ல உடல்வாகு உள்ள படைவீரர்களாலயே அடக்க முடியல. பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு ஆட்டோ போகாதபடி பூட்டுப் போட்டுத்தான் கொடுத்தாங்க. அதே ரவுண்டுதான் நம்ம படையோட பழைய ரைஃபிள் எஸ்.எல்.ஆர்.லயும். அதை ஒவ்வொரு ரவுண்டா சுடுறதாவே வெச்சது சரியான முடிவுன்னு நான் சொல்வேன். அதே ரவுண்டை ஒரு எம்.எம்.ஜி.யில, அதாவது மீடியம் மெஷின் கன்ல, விடுங்க, அடங்கும். துப்பாக்கியே 11 கிலோ பக்கம், முன்னாடி பைபாட், அதாவது ரெண்டு கால் தாங்கி, தரையில. படுத்து, உடம்பை பேரல் கோட்டுக்கு நேர் பின்னாடி வெச்சு, தோளால முன்னாடி தள்ளி பைபாடை மண்ணுல ஊனிக்கணும். உடம்பு கோணலா படுத்தா குண்டு பக்கவாட்டுல இழுத்துக்கிட்டே போகும்.

ரெண்டாவது கேள்வி, புதுச்சேரி முத்தியால்பேட்டைலேர்ந்து ஒரு அம்மா. "மகன் காவலர் பயிற்சியில இருக்கான். ஏகே மேல மட்டும் போகாம வலது பக்கமும் போகுதுன்னு சொல்றான். கார்பைன் அப்படி இல்லையாம். ஏன்?"

நல்லா கவனிச்சிருக்காரும்மா உங்க மகன். வலது தோள் உடம்போட நடுக்கோட்டுல இல்ல. அதை பின்னாடி தள்ளினா உடம்பே வலது பக்கம் திரும்பும், கூடவே வாயும் திரும்பும். இடது தோள்ல வெச்சு சுட்டா இடது பக்கம் இழுக்கும். குண்டு சுழல்றதால வர்ற முறுக்கு ரொம்பச் சின்னது, அதைக் கணக்குல எடுக்க வேண்டாம். 1959ல வந்த ஏகேஎம்ல பேரல் நுனியில சாய்வா வெட்டின ஒரு மூடி இருக்கும். வெளிய போற புகை அந்தச் சாய்வுல மோதி வாயை கீழயும் இடதுலயும் தள்ளும். வலது கைக்காரங்களுக்குன்னே செஞ்சது. அதனால அதைத் திருகி மாட்டும்போது திசை மாறக் கூடாது, மாறினா இழுப்பு கூடும்.

9 மி.மீ. கார்பைன், அதாவது பிஸ்டல் தோட்டா போடுற சின்ன ஆட்டோமேட்டிக் துப்பாக்கி, அதுல உதை கம்மி. ஆனா அதோட சிக்கல் தலைகீழ். தோட்டாவை உள்ள தள்ளுற இரும்புத் துண்டு, அதாவது போல்ட், பின்னாடி நிக்கும், டிரிகர் அழுத்தினா அந்தக் கனமான போல்ட் முன்னாடி ஓடி, ரவுண்டைத் தள்ளி, அப்புறம் வெடிக்கும். அந்த ஓட்டத்துல சைட் முன்னாடி குத்தும். அதனால கார்பைன்ல கெட்டுப் போறது முதல் குண்டு. அழுத்தின பிறகும் பிடியைத் தளர்த்தாம இருக்கச் சொல்லுங்க. பக்கத்துல நீட்டிக்கிட்டு இருக்கிற மேகஸினைப் பிடிச்சு சுட வேண்டாம், அது அசைஞ்சா ரவுண்டு சிக்கும்.

தம்பி வீட்டுல என்ன பழகலாம்னும் கேட்டிருக்காரு. ஆட்டோமேட்டிக் ஆயுதம் 1959 ஆயுதச் சட்டப்படி பொதுமக்களுக்குத் தடை, அது படையிலயும் காவல்துறையிலயும் மட்டும்தான். ஆனா நிலையைப் பழக ஆயுதமே வேண்டாம். வீட்டு எடை மெஷினை சுவத்துல வெச்சு உள்ளங்கையால அமுக்கி, ஏழு, ஏழரைக் கிலோன்னா எவ்வளவு அழுத்தம்னு உங்க நண்பரைப் பழகிக்கச் சொல்லுங்க. அப்புறம் நீங்க நிலை எடுத்து நில்லுங்க, அவர் அதே அழுத்தத்துல உங்க தோள் குழியில விட்டு விட்டுத் தள்ளட்டும். முன்கால் விரல் எழும்பினாலோ இடுப்பு மடங்கினாலோ நிலை தப்பு. பத்து விநாடி தள்ளியும் தலை அசையலன்னா சரி.

கடைசியா சூடு. நிறைய பர்ஸ்ட் விட்டா பேரல் சூடாகி குரூப் விரியும், பேரல் மேல எழும்புற வெக்கையில முன் சைட் நெளியும். அதை விட முக்கியம், ஏகே, இன்சாஸ் ரெண்டுலயும் நிறுத்தினா சேம்பர்ல, அதாவது பேரலோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற அறையில, ஒரு ரவுண்டு நிக்கும். ரொம்ப சூடான சேம்பர்ல அது டிரிகர் தொடாமலே வெடிக்கலாம். அதனால சுட்டு முடிச்சதும் வாயை டார்கெட் பக்கமே வெச்சு, முதல்ல மேகஸினைக் கழட்டணும், அப்புறம் காக் பண்ணி, அதாவது போல்ட்டைப் பின்னாடி இழுத்து, சேம்பர் ரவுண்டை வெளிய தள்ளணும், அப்புறம் கண்ணால உள்ள பாக்கணும். மேகஸின் இருக்கும்போதே காக் பண்ணினா பழைய ரவுண்டு வெளிய வந்து, புது ரவுண்டு உள்ள போய் உக்காந்துடும்.