சுகர் நார்மல்… ஆனாலும் குழந்தை ஏன் 4 கிலோ?

[திரையில்: ஒரு லேப் ரிப்போர்ட்]

வணக்கம் மக்களே! கர்ப்பத்தில் சர்க்கரை நோய் வந்த ஒரு பெண்ணுக்கு வெறும் வயிற்றில் சுகர் 95க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120க்குக் கீழே. டாக்டர் சொன்ன கணக்கு அத்தனையும் சரி. மரச்சீனிக்கிழங்கைத் தொடவில்லை, நேந்திரம்பழத்தைக் கண்ணால் பார்த்ததோடு சரி. ஆனாலும் குழந்தை 4 கிலோ! உடனே வீட்டில் பேச்சு கிளம்பும்: "ஒளிச்சு வச்சு எதையோ தின்னிருப்பா." பெரிய அநியாயம் இது. அவள் ரத்தத்தில் சர்க்கரை மட்டுமா ஓடுகிறது? கொழுப்பும் ஓடுகிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நாம் பேசுவோம்.

அதற்கு முன்னால் அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தமாக்கும். கணையத்தால் ஈடுகட்ட முடியாவிட்டால் சுகர் ஏறும். 75 கிராம் குளுக்கோஸைக் கலக்கிக் குடித்து, இரண்டு மணி நேரத்தில் 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகால சர்க்கரை நோய். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்கிற இந்தச் சுலபமான முறையை நம் நாட்டில் நிலைநிறுத்தியவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையா. மலையோர ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

குழந்தை பெரிதாவது ஏன்? 1950களில் டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் சொன்ன விளக்கம்தான் இன்றும் அடித்தளம். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டும், தாயின் இன்சுலின் தாண்டாது. அதனால் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கும். வந்ததையெல்லாம் கொழுப்பாகச் சேர்த்துவைக்கும்.

[திரையில்: களியக்காவிளை சோதனைச்சாவடி, வரிசையில் லாரிகள்]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தாயின் ரத்தத்தில் ஓடும் கொழுப்பின் பெயர் டிரைகிளிசரைடு. எந்தக் கர்ப்பத்திலும், சுகர் இல்லாவிட்டாலும்கூட, கடைசி மூன்று மாதத்தில் இது இரண்டு மூன்று மடங்கு கூடும். ஆகவே ரிப்போர்ட்டில் வழக்கமான எல்லையான 150ஐத் தாண்டி 200, 250 என்று வந்து, பக்கத்தில் சிவப்புக் குறி போட்டிருந்தாலும் உடனே பயப்படாதீர்கள். அந்த 150 என்பது கர்ப்பிணிகளுக்காகப் போட்ட எல்லை இல்லை. டாக்டரிடம் காட்டுங்கள், அவர் பார்த்துச் சொல்வார்.

டிரைகிளிசரைடு அப்படியே குழந்தைக்குப் போக முடியாது, உருவம் பெரிது. தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் லாரியை உள்ளே விடாமல் நிறுத்தி, மூட்டையைப் பிரித்து, சின்னச் சின்னக் கட்டாக ஆள் வைத்துக் கடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நஞ்சுக்கொடியில் அந்த வேலையைச் செய்வது லைப்பேஸ் என்ற நொதி. டிரைகிளிசரைடை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்குகிறது, அதைச் சுமந்து போக அங்கே தனிப் புரதங்களும் இருக்கின்றன. இந்தப் பக்கம் சரக்கு குவிந்தால், அந்தப் பக்கமும் கூடுதலாகப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

2008இல் பெர்லினில் இருந்து வந்த ஓர் ஆய்வு: கர்ப்பகால சர்க்கரை நோய் உள்ள 150 தாய்மார்கள். சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்தபோதும், டிரைகிளிசரைடும் கொழுப்பு அமிலங்களும் கூடுதலாக இருந்தவர்களின் குழந்தைகள் பெரிதாக, கொழுப்பு மிகுந்தவர்களாக இருந்தார்கள். இது ஒரு தொடர்பு. டிரைகிளிசரைடைக் குறைத்தால் குழந்தையின் எடை குறைந்துவிடும் என்று அர்த்தமாகாது. ஆனால் அந்த 4 கிலோ குழந்தையின் தாயைத் திட்டுகிற வாயை அடைக்க இது போதும்.

[திரையில்: பன்றிக்குட்டி, பக்கத்தில் கைக்குழந்தை]

இன்னொன்று தெரியுமா? பன்றிக்குட்டி பிறக்கும்போது அதன் உடம்பில் கொழுப்பு வெறும் 1–2 சதவீதம். எலிக்குட்டிக்கு 1 சதவீத அளவு. மனிதக் குழந்தைக்கு? 12 முதல் 15 சதவீதம்! பாலூட்டிகளிலேயே கொழுகொழுவென்று பிறக்கும் கூட்டத்தில் நமக்கு முன்வரிசை. பிறந்த குழந்தையின் சக்தியில் பாதிக்கு மேல் மூளையே எடுத்துக்கொள்கிறது, அதற்கான சேமிப்பு இது என்கிறார்கள். அந்தக் கொழுப்பில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது, அதாவது தாயின் டிரைகிளிசரைடு உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில்.

இதைவிட ஆச்சரியம் புனேயில் இருக்கிறது. டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் புனே பக்கத்துக் கிராமக் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, அவர்கள் 3.5 கிலோ. தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறிது. ஆனால் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை! ஒல்லியாகத் தெரியும், உள்ளே கொழுப்பு. அதனால்தான் எனக்குத் தராசு மேல் முழு நம்பிக்கை வருவதில்லை. "பிள்ளை நல்ல வெயிட்டு" என்று சொல்லிச் சந்தோஷப்படுகிறோம், அந்த வெயிட்டில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று தராசு பிரித்துச் சொல்லாது. இது உங்களுக்கும் புதுசு என்றால் வீட்டுப் பெரியவர்களுக்கு வீடியோவை அனுப்புங்கள், முக்கியமாக அந்த "ஒளிச்சு வச்சு" பேச்சுக்காரர்களுக்கு!

சரி, சாப்பாடு. தேங்காயை அடியோடு நிறுத்தணுமா என்று கமெண்டில் கேட்பீர்கள், நம்ம ஊர் ஆச்சே. கர்ப்பத்தில் ஏறும் டிரைகிளிசரைடுக்குத் தேங்காய்ச் சில்லை மட்டும் குறை சொல்ல முடியாது. ஈரல் தானே தயாரித்து அனுப்புவது நிறைய. தேவைக்கு மேல் போகும் மாவுச்சத்தையும் ஈரல் கொழுப்பாக்கும். ஆகவே கிழங்கும் மீன்குழம்பும் தட்டில் இருந்தால் என் கண் முதலில் போவது கிழங்குக் குவியலுக்குத்தான். குழம்பில் தேங்காய் அரைப்பு அளவாக இருக்கட்டும். சாளையும் நெத்தோலியும் இருக்கட்டும், வறுக்காமல் குழம்பாக. கர்ப்பத்துக்கு முந்தைய எடையும் பெரிய விஷயம், அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். கொழுப்பைக் குறைக்கிற மாத்திரையை யாரும் தானாக வாங்கிப் போடவே கூடாது.

கடைசியாக, பிரசவ அறை. தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுவிடும், குழந்தையின் இன்சுலின் மட்டும் கூடுதலாகவே இருக்கும். அதனால் குழந்தையின் சுகர் சட்டென்று இறங்கலாம். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தால் "பச்சப்பிள்ளையைப் போய் குத்துறாங்களே" என்று தடுக்காதீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். தாய்க்கு ஆறு வாரம் கழித்து மறுபடி அந்த 75 கிராம் டெஸ்ட் உண்டு, குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் அன்றைக்கே அதையும் கேட்டு எடுத்துவிடுங்கள்.