மரத்துக்குள் இருந்த கோடு

(மொரீஷியஸ், ரோஸ்ஹில்லில் ஒரு தமிழ் மாலைப் பள்ளியின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, கோயில் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, நகரமன்ற உறுப்பினர் அவர்களே, நம் பிள்ளைகளின் கையைப் பிடித்து 'அ' எழுதவைக்கும் ஆசிரியை அம்மா அவர்களே, பின்னால் வடை சுட்டுக்கொண்டிருப்பதால் என் பேச்சிலிருந்து தப்பித்த தாய்மார்களே, வணக்கம். உறுப்பினர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. போன ஆண்டு ஒலிபெருக்கி பழுதாகி ஒரு சொல்லும் கேட்காதபோதும் கடைசிவரை உட்கார்ந்து கைதட்டினார். அந்தப் பொறுமை இன்றைக்கும் தேவைப்படலாம்.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்." இது இல்லாமல் எனக்கு மேடை ஏறத் தெரியாது என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். இன்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: ஓர் ஓவியரின் இளமைக்காலப் படங்கள், அவருடைய வண்ணங்கள், பிறகு நம் பள்ளி.

ஓவியர் பீட் மோந்திரியான். 1872இல் ஹாலந்தின் அமெர்ஸ்ஃபோர்ட்டில் பிறந்தவர். அப்பா தலைமையாசிரியர், சித்தப்பா ஓவியர். வெள்ளைப் பரப்பு, கறுப்புக் கோடுகள், நடுவே சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள். அந்தப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1965இல் இவ் சேன் லோரன் என்ற பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் அதைப் பெண்களின் உடையாகவே தைத்துவிட்டார். பார்க்கிறவர்களுக்கு, இவர் அளவுகோலோடு பிறந்தவர் என்று தோன்றும்.

ஆனால் முப்பத்தைந்து வயதுவரை அவர் வரைந்தவை காற்றாலை, பண்ணைவீடு, மாடு, ஆற்றங்கரை. ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் கைன் என்று ஒரு சிற்றாறு. அந்தக் கரையில் வரைந்த மரங்களைப் பாருங்கள். இலை எப்படி என்று அவர் கவலைப்படவில்லை. நிற்கிற மரம், படுத்திருக்கிற கரை, தண்ணீரில் தலைகீழாக அதே மரம். நெடுக்கும் கிடக்கையும் அப்போதே வந்துவிட்டன. 1908இல் தொடங்கிய ஒரு படத்தில் மரம் செக்கச்செவேல், பின்னால் நீலம். 1911இல் இன்னொரு படத்தில் மரம் சாம்பல் நிறமாகிறது, கிளைகள் வில்லாக வளைகின்றன. 1912இல் ஒரு படத்துக்குப் 'பூத்த ஆப்பிள் மரம்' என்று பெயர் வைக்கிறார். பூவும் இல்லை, மரமும் இல்லை, வளைவுகள் மட்டும். 1915இல் டோம்பர்க் என்ற ஹாலந்துக் கடற்கரை ஊரின் கடலையும் அதில் நீளும் மரத்தடுப்பையும் சின்னச் சின்னக் கூட்டல் குறிகளாக்கிவிட்டார்.

இந்தக் கடல் படம் என் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லியே ஆகவேண்டும். பிரான்சில் இருக்கும் தம்பி ஒரு நாட்காட்டி அனுப்பினான். அதில் ஒரு மாதத்துக்கு இந்தப் படம். என் பாட்டி கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர். பேச்சு பாதி நம் தீவின் கிரியோல், பாதி தமிழ். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "யாருடா இது, வாசல் தெளிச்சு, புள்ளியெல்லாம் வச்சிட்டு, கோலம் போடாம எழுந்து போயிட்டா?" என்றார். இது கடல் பாட்டி என்றேன். "கடல்ல எவ கோலம் போடுவா?" என்றார். அதோடு விட்டாரா? பென்சிலை வாங்கி நாட்காட்டியிலேயே புள்ளிகளை இணைக்க ஆரம்பித்துவிட்டார்! நான் தடுக்க, அம்மா சிரிக்க, பாட்டி விடவில்லை. கால் மணி நேரத்தில் ஒரு சிக்குக்கோலம் முடிந்தது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. என் வீட்டில் வேறு எந்த ஓவியமும் அதற்கு ஈடில்லை.

அதே பாட்டிதான் என் பழமொழியையும் திருத்தினார். "கரும்புக்கு ஏதுடா முளை? கரணையைத்தானே நடறோம், கணுவிலே தெரியும்னு சொல்லு." சரிதான். மோந்திரியான் தன் படங்களிலிருந்து மரத்தை வெட்டினார். வெட்டிய கரும்பு மறுபடி துளிர்ப்பதுபோல, அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்பியது. வேர் அந்த ஆற்றங்கரையில் இருந்தது. இதிலே ஒன்று: கோடுகளுக்குப் போன பிறகும், காசுக்காக அவர் பூக்கள் வரைந்து விற்றார். யாரையும் ஒரே கட்டத்துக்குள் அடைக்க முடியாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நான் அடித்துச் சொன்னாலும், அந்த ஆற்றங்கரைப் படங்களை மட்டும் பார்த்து நாளைக்குக் கட்டங்கள் வரும் என்று யார் சொல்லியிருக்க முடியும்? விளைந்த பிறகு திரும்பிப் போய்த்தான் முளையைத் தேடுகிறோம். தேடுவதற்கு அது இருக்கவேண்டும் அல்லவா? நம் வீட்டில் என்ன செய்கிறோம்? பள்ளி ஆண்டு முடிந்ததும் நோட்டுகளைக் கட்டி, ஓரத்தில் பிள்ளை கிறுக்கியதோடு சேர்த்துக் குப்பை வண்டிக்கு அனுப்புகிறோம்.

வண்ணங்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், விட்டுவிடுகிறேன். நான் கேட்பது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு மணி நேரம் ஓவியம். எழுத்துக்கு முன்னால் கோடு, கோட்டோடு நம் வீட்டுக் கோலம். வரைந்ததையெல்லாம் தேதி போட்டு வைக்க ஓர் அலமாரி. காவடிச் சாமான்களும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கும் பின்கட்டு அறை போதும். நாற்காலிகளை நானே எடுத்துப் போடுகிறேன்.

தலைவர் ஐயா, அந்த அறைச் சாவி யாரிடம் இருக்கிறது?