விசில் இல்லாமல் அடித்த கோல் செல்லுமா?

[திரையில்: கூடலூர் கடைவீதி, மாலை. டீக்கடைத் தொலைக்காட்சியில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து ஆட்டம்.]

கூடலூர், பந்தலூர் பக்கத்துக் கால்பந்து ரசிகர்கள் பலருக்கு நாடுகாணிச் சுரத்தின் அந்தப்புறத்திலுள்ள மலப்புரம்தான் ஆட்டத்தின் தாய்வீடு. ஆகவே ஐஎஸ்எல்லின் கேரள அணியான கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடும் இரவுகளில் இங்குள்ள டீக்கடைகளில் மஞ்சள் ஜெர்சிகள் தென்படுவதும், ஒரு ஃபவுலுக்கு விசில் வராவிட்டால் “ரெஃபரிக்குக் கண்ணு தெரியலையா?” என்று தமிழிலும் மலையாளத்திலும் ஏச்சு எழுவதும் இயல்பே. அந்த ஏச்சில் பாதி, விதியைத் தெரிந்துகொள்ளாததால் வருவது. பந்து கையில் பட்டாலே பெனால்டி என்று கூவுகிறோம். ஆனால் தற்செயலாகப் பட்டிருந்தால், கை உடலை இயல்புக்கு மீறி அகலமாக்கியதா என்பதையே நடுவர் முக்கியமாகப் பார்க்கிறார். அக்குளின் அடிப்பகுதிக்கு மேலே, தோளில் பட்டால் அது கையே அல்ல.

இருந்தாலும், இங்கே இன்றுவரை தீராத வழக்கு ஒரு ஃப்ரீ கிக்கை, அதாவது ஃபவுலுக்காக எதிரணிக்குத் தரப்படும் உதையைப் பற்றியது.

[திரையில்: 2023 மார்ச் 3, ஸ்ரீ கண்டீரவா மைதானம், பெங்களூரு.]

அது பெங்களூரு அணிக்கும் பிளாஸ்டர்ஸுக்கும் இடையிலான ஐஎஸ்எல் நாக் அவுட் ஆட்டம். 90 நிமிடங்களில் கோல் ஏதும் விழாததால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. 96ஆவது நிமிடத்தில் பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. பிளாஸ்டர்ஸ் தடுப்பாட்டக்காரர்கள் பந்தை மறித்து வரிசையாக நின்று சுவர் கட்டத் தயாராகிக்கொண்டிருக்க, கோல்கீப்பரும் அதை ஒழுங்குபடுத்துவதில் கவனமாக இருந்தபோது, பெங்களூரு வீரர் சுனில் சேத்ரி பந்தைச் சட்டென்று வலைக்குள் அனுப்பினார். நடுவர் அதைக் கோல் என்று அறிவித்தார்.

விதி என்ன சொல்கிறது? ஃப்ரீ கிக் எடுக்கும்போது எதிரணியினர் 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்த இடைவெளி ஃப்ரீ கிக் எடுக்கும் அணிக்கான பாதுகாப்பு என்பதால், அது தனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டு உடனே அடிக்க அந்த அணிக்கு உரிமை உண்டு. அதற்கு விசில் தேவையில்லை. மாறாக, தூரத்தை அளந்து தரும்படி அவர்கள் கேட்டாலோ, நடுவரே தலையிட்டு எதிரணியைப் பின்னுக்கு நகர்த்தத் தொடங்கினாலோ, விசில் வரும்வரை காத்திருந்தாக வேண்டும். தகராறு முழுவதும் இந்த இரண்டு நிலைகளுக்கு நடுவில்தான் கிடக்கிறது. விசிலும் சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டே அடித்ததாக சேத்ரி கூறினார். நடுவர் தங்களைத் தள்ளி நிற்கச் சொன்ன பிறகு விசில் இல்லாமல் அடித்தது செல்லாது என்று பிளாஸ்டர்ஸ் தரப்பு வாதிட்டது. கோல் நிலைத்தது.

என் பார்வையில், மஞ்சள் ஜெர்சிக்காரர்களின் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு: காத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை எல்லோர் கண்ணிலும் படும்படி சைகையால் காட்டுவது நடுவரின் வேலை. ஆனால் பந்துக்கு முன்னால் ஓர் ஆளை நிறுத்தாமல், எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவர் கட்டப் போனதற்கு நடுவர் பொறுப்பாக மாட்டார். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் மைதானத்துச் சிறுவனுக்கும் தெரிந்த பாடம் அது.

[திரையில்: பிளாஸ்டர்ஸ் வீரர்கள் மைதானத்தை விட்டு வெளியேறுகிறார்கள்.]

பெரிய பிழை அதற்குப் பிறகு நடந்தது. அதைச் செய்தவர் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச். அவர் அணியை வெளியே அழைத்துக்கொண்டார். அப்போது மீதமிருந்தது ஏறக்குறைய 24 நிமிடம். சமன் செய்யத் தேவைப்பட்டது ஒரே ஒரு கோல். ஆட்டத்தை முடித்துவிட்டுப் புகார் கொடுக்க வழி இருந்தும் அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. வெற்றி பெங்களூருவுக்குப் போனது. அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு பிளாஸ்டர்ஸ் அணிக்கு 4 கோடி ரூபாயும், அவருக்கு 5 லட்சம் ரூபாயும் அபராதம் விதித்து, அவரை 10 ஆட்டங்களுக்கு விலக்கியது.

அடுத்த மாதமே சூப்பர் கோப்பை ஆட்டங்கள் கோழிக்கோட்டில் நடந்தன. கூடலூரிலிருந்து மலையிறங்கிப் போய்ப் பார்க்கக்கூடிய தூரம்தான். அங்கே அணியை நடத்தியவர் உதவிப் பயிற்சியாளர் ஃபிராங்க் டாவன். அதே பெங்களூருவோடு 1-1 என்று டிரா செய்த பிளாஸ்டர்ஸ், குழுச் சுற்றோடு வெளியேறியது.