அயர்லாந்துக்கு மின்சாரம் வந்த கதை

நேயர்களுக்கு வணக்கம்.

பல வருடங்கள் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவன் நான். அதனாலோ என்னவோ, எந்த நாட்டின் வரலாற்றைப் படித்தாலும் அங்கே மின்சாரம் எப்போது வந்தது, யார் வீட்டுக்கு முதலில் வந்தது, அதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்றுதான் தேடுவேன். அப்படித் தேடிப் போய் நான் விட முடியாமல் பிடித்துக்கொண்ட நாடு அயர்லாந்து. விடுதலை வாங்கிய கையோடு, 'நாம் யார்' என்ற கேள்வியையும் 'நாம் எப்படிப் பிழைப்பது' என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டுக்கொண்ட நாடு அது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள் இல்லை. இன்றைக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1921 டிசம்பரில் லண்டனில் பிரிட்டனுக்கும் ஐரிஷ் தலைவர்களுக்கும் இடையே விடுதலை ஒப்பந்தம் கையெழுத்தானது. சரியாக ஒரு வருடம் கழித்து, 1922 டிசம்பர் 6ஆம் தேதி, ஐரிஷ் சுதந்திர அரசு பிறந்தது. வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடேயே நின்றுவிட்டன. நிலம் மட்டும் போகவில்லை. பெல்ஃபாஸ்டின் கப்பல் கட்டும் தளங்கள், லினன் ஆலைகள் என்று தீவின் பெருந்தொழில்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விட்டது. தெற்கே மிஞ்சியது புல்வெளி, மாடு, வெண்ணெய், சில பெரிய மதுபான, பிஸ்கட் தொழிற்சாலைகள். ஒப்பந்தத்தை ஏற்றவர்களும் ஏற்காதவர்களும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட உள்நாட்டுப் போர் 1923 மே மாதம் வரை நடந்தது. ரயில் பாலங்கள் உடைந்து கிடந்தன. 1926இல் தலைகளை எண்ணிப் பார்த்தபோது மக்கள் தொகை முப்பது லட்சத்தைக்கூடத் தொடவில்லை. வேலை செய்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் விவசாயத்தில் இருந்தார்கள். ஏற்றுமதியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பிரிட்டனுக்குத்தான் போனது. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்துகிறவரின் நிலைமை. அந்த வாடிக்கையாளரோ, நேற்றுவரை கடையின் சொந்தக்காரராக இருந்தவர்!

முதல் அரசு, காஸ்கிரேவ் தலைமையில், கையைக் கட்டிக்கொண்டு சிக்கனமாக நடந்தது. 1924இல் முதியோர் ஓய்வூதியத்தில் வாரத்துக்கு ஒரு ஷில்லிங்கைக் குறைத்தார்கள். பத்து ஷில்லிங் ஒன்பதானது. அதே வருடம் தொழில் அமைச்சர் பாட்ரிக் மெக்கில்லிகன், இந்த நாட்டில் சிலர் சாக வேண்டியிருக்கலாம், பட்டினியாலும் சாக வேண்டியிருக்கலாம் என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் பேசினார். அந்தப் பேச்சை அங்கே இன்றுவரை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் இதே மெக்கில்லிகன்தான் நான் இப்போது சொல்லப் போகிற கதையின் நாயகர்களில் ஒருவர்.

தாமஸ் மெக்லாக்லின் என்று ஓர் இளைஞர். ட்ரோஹெடா ஊர்க்காரர், இயற்பியல் படித்தவர். 1922 கடைசியில் பெர்லினுக்குப் போய் சீமென்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ஒரு மாகாணம் முழுவதற்கும் கம்பி இழுத்துக் கிராமங்களுக்கு மின்சாரம் கொடுப்பதைப் பார்த்தார். நம் ஊரில் இது ஏன் முடியாது என்று கேட்டுக்கொண்டு, ஷானன் ஆற்று நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தோடு ஊருக்குத் திரும்பினார். வயது முப்பதுகூட ஆகவில்லை. ஷானன் அயர்லாந்தின் மிக நீளமான ஆறு. ஏரி ஏரியாக விரிந்து, அவசரமில்லாமல் வருகிற ஆறு. கடைசியில் கில்லலூ என்ற ஊருக்கும் லிமெரிக் நகரத்துக்கும் நடுவில் மட்டும் நூறு அடி அளவுக்கு இறங்குகிறது. அந்த நூறு அடிதான் அத்தனைக்கும் மூலதனம். ஆற்றைத் தடுத்து, பக்கத்தில் 12 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி, தண்ணீரைச் சமமட்டத்தில் கொண்டுபோய், ஆர்ட்னக்ரஷா என்ற இடத்தில் ஒரேயடியாக விழ வைத்தால் போதும். படம் இல்லாமலே உங்களுக்குப் புரியும்.

எதிர்ப்பு இல்லாமலா இருக்கும்? இவ்வளவு மின்சாரத்தை வாங்க ஆள் எங்கே என்றார்கள். வெள்ளை யானை என்றார்கள். டப்ளினுக்குப் பக்கத்திலேயே ஓடும் லிஃபி ஆற்றில் சின்னதாகச் செய்தால் போதாதா என்றார்கள். அமைச்சர் மெக்கில்லிகன் திட்டத்தின் பக்கம் நின்றார். ஆனாலும் அரசு அவசரப்படவில்லை. சுவிட்சர்லாந்து, நார்வே, சுவீடன் நாடுகளைச் சேர்ந்த நான்கு நிபுணர்களை வரவழைத்துத் திட்டத்தைச் சோதித்தது. 1925 ஆகஸ்டில் சீமென்ஸோடு ஒப்பந்தம் போட்டது. செலவு 52 லட்சம் பவுண்டு, அரசின் ஓராண்டு பட்ஜெட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு! முதியவர்களிடம் ஒரு ஷில்லிங்கைப் பிடித்த அரசு இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பெரிய வேலையை பிரிட்டிஷ் கம்பெனிக்குக் கொடுக்காமல் ஜெர்மன் கம்பெனிக்குக் கொடுத்ததே ஓர் அறிவிப்புதான். கொடியேற்றுவதைவிடப் பெரிய அறிவிப்பு என்றுகூட நான் சொல்வேன்.

உச்சத்தில் 5,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து கப்பலில் லிமெரிக் துறைமுகத்துக்கு வந்தன. வேலைக்கென்றே ரயில் பாதை போட்டார்கள். ஷான் கீட்டிங் என்ற ஓவியர் யாரும் கேட்காமலே அங்கே போய், மண்வெட்டும் இயந்திரங்களையும் தொழிலாளிகளையும் வரைந்தார். வேடிக்கை பார்க்க ஊர் ஊராக மக்கள் வந்தார்கள். 1929 ஜூலை 22ஆம் தேதி காஸ்கிரேவ் திறந்து வைத்தார். அந்த ஒரு நிலையம் அன்றைக்கு நாடு முழுவதன் தேவைக்கும் போதுமானதாக இருந்தது. அதற்கு முன்பே, 1927இல், மின்சாரத்தை விநியோகிக்க அரசே ஒரு வாரியத்தை ஏற்படுத்திவிட்டது. அதன் முதல் நிர்வாக இயக்குநர் மெக்லாக்லின்.

இதை நான் பெருமையோடு சொல்கிறேன், சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மண் வெட்டியவர்களுக்கு வாரக் கூலி 32 ஷில்லிங் என்றார்கள். தொழிற்சங்கங்கள் 50 கேட்டன. வேலை நிறுத்தம் நடந்தது, தோற்றது. சக்கரத்தை நிறுத்திவைக்க அரசு விரும்பவில்லை. சுற்றுவட்டார விவசாயக் கூலியைக் கணக்குக் காட்டி, அந்தக் குறைந்த கூலியின் பக்கமே நின்றது. தங்க இடமில்லாமல் மாட்டுக் கொட்டகையிலும் பன்றிக் கொட்டிலிலும் படுத்தவர்கள் உண்டு. அணை வந்ததும் ஷானன் சால்மன் மீனின் வழி மறிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அதை நம்பி வாழ்ந்த லிமெரிக் மீனவர்கள் தொழிலை இழந்தார்கள். தேசத்தின் பெருமைக்காக என்று சொல்லி வாங்கிய உழைப்புக்கு நியாயமான கூலி கொடுத்திருக்க வேண்டும். நூறு வருடம் ஆனாலும் அந்தக் கணக்கு எனக்கு நேராகவில்லை.

மீன் என்றதும் நாணயம் ஞாபகம் வருகிறது. 1928இல் புதிய அரசு தன் காசை வெளியிட்டது. வடிவத்தைத் தேர்ந்தெடுத்த குழுவுக்குத் தலைவர் கவிஞர் யேட்ஸ். ராஜா தலையும் இல்லை, தலைவர் தலையும் இல்லை. ஒரு பக்கம் யாழ், மறுபக்கம் விலங்குகள். ஃபுளோரின் என்ற இரண்டு ஷில்லிங் காசில் சால்மன், ஷில்லிங்கில் காளை, பென்னியில் குஞ்சுகளோடு கோழி, அரைப் பென்னியில் குட்டிகளோடு பன்றி. ஒவ்வொரு குடியானவனும் பையில் கை விட்டால் தன் பண்ணையைத் தொட்டுப் பார்க்கலாம். இவ்வளவு அழகான காசு எந்த நாட்டிலும் வந்ததில்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்தக் காசின் மதிப்பு பிரிட்டிஷ் பவுண்டோடு ஒன்றுக்கு ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கட்டு 1979 வரை அவிழவில்லை. பார்த்தீர்களா, அடையாளமும் பொருளாதாரமும் ஒரே காசின் மேல்!

1932இல், ஒப்பந்தத்தை ஏற்காதவர்களின் தலைவராக இருந்த டி வலேரா ஆட்சிக்கு வந்தார். அவர் வழி வேறு. நமக்கு வேண்டியதை நாமே செய்வோம், இறக்குமதிக்குச் சுங்கம் போடுவோம், தொழிற்சாலை நம்மவர் கையில் இருக்க வேண்டும் என்று சட்டம் போடுவோம் என்றார். அப்புறம், பழைய பண்ணையார்களிடமிருந்து நிலம் வாங்கக் கொடுத்த கடனுக்காக ஐரிஷ் விவசாயிகள் வருடா வருடம் கட்டிய தவணைப் பணத்தை லண்டனுக்கு அனுப்ப முடியாது என்றார். வருடத்துக்கு முப்பது லட்சம் பவுண்டு வரும். பிரிட்டன் சும்மா இருக்குமா? ஐரிஷ் கால்நடைகள் மேல் 20 சதவிகிதம் வரி போட்டது, பிறகு இன்னும் ஏற்றியது. அயர்லாந்து பிரிட்டிஷ் நிலக்கரி மேல் வரி போட்டது. ஆறு வருடம் இழுத்த இந்தச் சண்டையை அங்கே பொருளாதாரப் போர் என்கிறார்கள். மாட்டு விலை சரிந்தது. கன்றுக்குட்டியைக் கொன்று தோலைக் கொண்டுவந்தால் அரசே பணம் கொடுத்தது. கறவை மாட்டை வீட்டு மனுஷி மாதிரி வளர்த்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? மாடு வளர்த்தவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. 1938 ஏப்ரலில் ஒரே தொகையாக ஒரு கோடி பவுண்டு கொடுத்து முடித்துக்கொண்டார்கள். 1921 ஒப்பந்தப்படி பிரிட்டன் தன் கையில் வைத்திருந்த மூன்று ஐரிஷ் துறைமுகங்களும் திரும்பி வந்தன.

டி வலேரா தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை ஆலைகள் பெருகின, சிமெண்ட் ஆலைகள் வந்தன, செருப்பும் துணியும் உள்ளூரில் தைத்தார்கள். 1937இல் அவர் கொண்டுவந்த அரசியலமைப்பில், எத்தனை குடும்பங்களை முடியுமோ அத்தனை குடும்பங்களை நிலத்தில் பொருளாதாரப் பாதுகாப்போடு குடியமர்த்துவது என்பதை ஒரு கொள்கையாகவே எழுதி வைத்தார்கள். நீதிமன்றத்தில் கேட்க முடியாத, ஆனால் அரசுக்கு வழிகாட்டுகிற இந்த மாதிரிக் கொள்கைகளின் அமைப்பைத்தான் நம் இந்திய அரசியலமைப்பும் எடுத்துக்கொண்டது. நம்முடைய வழிகாட்டு நெறிகளுக்கு முன்மாதிரி அங்கேதான் இருக்கிறது.

1943 மார்ச் 17, புனித பாட்ரிக் நாள். டி வலேரா இதே மாதிரி ஒரு ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்து, தான் கனவு கண்ட அயர்லாந்தைப் பற்றிப் பேசினார். எளிய வசதியோடு திருப்தி அடைகிற மக்கள், இதமான வீடுகள், ஓடியாடும் குழந்தைகள், கணப்புக்குப் பக்கத்தில் பெரியவர்களின் அறிவு. இன்றைக்கு அந்தப் பேச்சைக் கேலி செய்வது அங்கே வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை. அவர் மனதாரப் பேசினார். ஆனால் கிராமங்களில் அதைக் கேட்டவர்கள், டவுன் கடையில் சார்ஜ் போட்டுத் தூக்கி வந்த பேட்டரியில் ரேடியோ கேட்டவர்கள். ஆர்ட்னக்ரஷா ஓட ஆரம்பித்துப் பதினான்கு வருடம் ஆகியும் பெரும்பாலான பண்ணை வீடுகளில் கம்பி இல்லை. பெண்கள் வாளியில் தண்ணீர் சுமந்தார்கள். அந்த வருடமே இளைஞர்களும் இளம் பெண்களும் இங்கிலாந்தின் போர்க்காலத் தொழிற்சாலைகளுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். நான் விரிவாகச் சொல்ல வைத்திருந்த பகுதியே இதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946 நவம்பர் 5ஆம் தேதி, டப்ளின் மாவட்டத்தில் கில்சாலஹன் என்ற இடத்தில் கிராம மின்மயமாக்கலின் முதல் கம்பம் நடப்பட்டது. வீட்டின் தரைப் பரப்பைப் பார்த்து நிலைக் கட்டணம் போட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, கம்பி வந்த பிறகு வேண்டாம் என்றவர்களும் உண்டு. அந்தக் கட்டணத்துக்குப் பயந்தார்கள், அவ்வளவுதான். வேலை 1970கள் வரை நீண்டது. அதற்குள் 1950களில் மட்டும் நான்கு லட்சம் பேர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். 1958இல் நிதித் துறைச் செயலாளர் விட்டேக்கர், மூடிய கதவைத் திறந்து வெளி முதலீட்டை அழைக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். அடுத்த வருடம் பிரதமரானவர் ஷான் லெமாஸ். 1932இல் தொழில் அமைச்சராகச் சுங்கச் சுவரை எழுப்பிய அதே லெமாஸ், அதை இறக்கும் வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும். வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.