எந்த விலங்கின் முழங்கால்?

நேயர்களுக்கு வணக்கம். ஸ்பானிய மொழியில் எழுதப்பட்ட கால்நடை மருத்துவ அறிக்கைகளை ஆங்கிலத்தில் பெயர்ப்பது என் தொழில். தனக்கு எங்கே வலிக்கிறது என்று விலங்கு சொல்லாது. மருத்துவர் அதன் நடையைப் பார்த்தும், உடலைத் தொட்டு அழுத்தியும் அறிந்து எழுதும் சொற்களே அதன் வாய்மொழி. ஆகவே, வலியையும் நொண்டுதலையும் குறிக்கும் சொற்களில் பிசகக் கூடாது என்பது என் நெடுநாள் கவலை.

நானே பிசகியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், நொண்டும் குதிரை ஒன்றைப் பற்றிய அறிக்கையில் 'மானோ' என்ற சொல்லைக் கண்டேன். அகராதியில் அதற்குக் கை என்றே முதற்பொருள் இருந்ததால், இடது கையில் வலி என்று தயங்காமல் எழுதி அனுப்பினேன். அதைப் படித்த ஆங்கில மருத்துவர், வலி குதிரைக்கா, குதிரையைப் பிடித்திருந்தவருக்கா என்று மிகப் பணிவாகக் கேட்டு எழுதியிருந்தார். நாற்கால் விலங்கின் முன்னங்காலை ஸ்பானியர் 'மானோ' என்றே சொல்வர் என்பதை அன்று கற்றேன். இன்றும் அந்தச் சொல்லைக் கண்டால் என் காது சற்றே சுடும்.

'ரொடியா' என்னும் சொல் இன்னும் பொல்லாதது. மனிதருக்கு அது முழங்கால். நாய்க்குப் பின்னங்காலில் இருக்கும் மூட்டு. குதிரைக்கோ முன்னங்காலில் இருப்பது, அதாவது நம் மணிக்கட்டுக்கு நிகரான மூட்டு. குதிரையின் பின்னங்காலில் உள்ள முழங்கால் மூட்டுக்குப் 'பபியா' என்று வேறு பெயர் உண்டு. அதை ஆங்கில மருத்துவர்கள் ஸ்டைஃபிள் என்பர். விலங்கு எதுவென்று அறியாமல் 'ரொடியா'வைப் பெயர்ப்பவர், முன்னங்கால் நோயைப் பின்னங்காலுக்கு மாற்றிவிடுவார். அதனால்தான் சொல்லைப் பார்க்கும் முன் விலங்கைப் பாருங்கள் என்று மீண்டும் மீண்டும் சொல்கிறேன்.

நொண்டுதலுக்குப் பேச்சு வழக்கில் 'கொஹேரா' என்றும், ஏட்டு வழக்கில் 'கிளௌடிகசியோன்' என்றும் இரு சொற்கள் உள்ளன. இரண்டாவதை அப்படியே கிளாடிகேஷன் என்று எழுதினால், இரத்த ஓட்டம் குறைவதால் நடக்கும்போது மனிதருக்குக் கெண்டைக்காலில் வரும் வலியே ஆங்கில மருத்துவருக்கு முதலில் நினைவுக்கு வரும். இரண்டையுமே லேம்னஸ் என்று எழுதுவதுதான் முறை. 'மொலெஸ்தியா' என்பதும் இப்படிப்பட்ட போலி நண்பனே: ஆங்கிலத்தில் அதன் ஒலியை ஒத்த சொல் பாலியல் அத்துமீறலைக் குறிக்க, ஸ்பானியத்தில் அது வெறும் உபாதையைக் குறிக்கிறது.

'டோலோர்' பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், கடிகாரம் விடவில்லை. உடல் வலி, மனத்துயர் இரண்டுக்கும் பொதுவான அச்சொல், 'அழுத்தும்போது' என்ற குறிப்புடன் வந்தால் ஆங்கிலத்தில் டெண்டர்னஸ் ஆகலாம் என்பதோடு நிறுத்துகிறேன். நொண்டுதலின் அளவைப் பெயர்க்கும்போது 3 என்று மட்டும் எழுதாதீர்கள். குதிரைகளுக்கு 0 முதல் 5 வரையிலான அளவுகோலும் 0 முதல் 10 வரையிலான அளவுகோலும் வழக்கில் இருப்பதால், எதில் 3 என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். வணக்கம்.